அரைக்குற்றி

மூன்று மெஷின்களின் விலைத்தாள்கள்
வேன் டாஷ்போர்டில்.
மேலே பாதி தின்ற பழம்பொரி.
எண்ணெய் முதலில் ஊறியது
என்னால் வாங்கவே முடியாததன் படத்தில்.

முதலாவது கைப்பிடி வைத்தது, பதினான்கு குதிரைத்திறன்.
ஒரு ஆள் தள்ளினால் உருளும்.
அருமனையில் எந்த நடைவாசலிலும் நுழையும்.
ரப்பர் குற்றியைப் புட்டுமாவாய்ப் பொடிக்கும்,
அயனி என்றால் நின்று யோசிக்கும்.
அந்தியில் மெஷின் வண்டியேறிய பிறகும்
என் கையில் அது ஓடிக்கொண்டிருக்கும்,
கட்டஞ்சாயா தம்ளரில் அலையடிக்கும்.

இரண்டாவது டிராக்டரின் முதுகில் மாட்டுவது.
வலு உண்டு. சமதளம் கேட்கும்.
குலசேகரத்தில் சமதளம் என்பது
பள்ளி மைதானம், பெட்ரோல் பங்க்,
இரண்டிலும் குற்றி இல்லை.

மூன்றாவதற்குச் செயின் சக்கரம், ரிமோட்.
நாகர்கோவில் ஷோரூம் பையன்
இடுப்பில் பெட்டியைக் கட்டி
இருபதடி தள்ளி நின்று ஓட்டிக் காட்டினான்.
மண்மேட்டில் உடும்பாய் ஏறியது.
"சார் வரலியா மேடம்?" என்றான்.
மரம் வெட்டுகிற சார் நான்தான் என்றேன்.
விலை சொன்னான்.
செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தெங்கிடம் மூன்றும் தோற்கும்.
அது மரமில்லை, சிக்குத்தலை.
சக்கரத்தைச் சுற்றி நார் இறுகும்.
என்ஜினை அணைத்து, பிளக் வயரைக் கழற்றி,
கத்தியால் அறுத்தெடுக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும்.
பிளக் வயரைக் கழற்று என்று
மெஷினின் நெற்றியில் சிவப்பு பெயின்டால் எழுதியிருக்கிறேன்.
பிரைட்சிங்குக்கு இப்போது வலது கையில் நாலு விரல்.

வியாழக்கிழமை ஆற்றூரிலிருந்து போன்.
"ஒரு அரைக்குற்றி அரைக்கணும். ரேட் என்ன?"
அரைக்குற்றியா?
"ஆமா. மத்தப் பாதி அண்ணனுக்க."

போய்ப் பார்த்தேன்.
ஒக்கியில் சாய்ந்த அயனி,
குற்றி மட்டும் ஐந்தடி அகலம்.
இரண்டு பக்கமும் வெட்டுக்கல் மதில் ஓடிவந்து
குற்றியைத் தொடாமல் நிற்கிறது.
நடுவே மஞ்சள் நைலான் கயிறு.
குழித்துறை கோர்ட்டில் கேஸ் ஒன்பது வருடமாய்.
தம்பி ராஜரெத்தினம் இந்தப் பக்கம்,
அண்ணன் ஞானசிகாமணி அந்தப் பக்கம், பேப்பருக்குப் பின்னால்.
அண்ணனின் பாதியில் ஒரு கோழி.

"கயிறுக்கு இப்புறம் ஒரு தூள் மிஞ்சக்கூடாது,
அப்புறம் ஒரு தூள் குறையக்கூடாது.
எந்த மெஷின் கொள்ளாம்?"

எந்த விலைத்தாளிலும் அந்தக் கட்டம் இல்லை.
எல்லாச் சக்கரமும் வில்லாய்த்தான் வளைந்து வெட்டும்.
நேர்கோடு சர்வேயருக்குள்ளது.
சின்னதையே கொண்டுவந்தேன்.
கையில் நடுக்கம் இருந்தாலும்
கண்ணுக்கும் பல்லுக்கும் ஒரு முழம்தான் தூரம்.

முதல் மூன்று அங்குலம் மஞ்சள் தூள்.
அடுத்த மூன்று, காப்பிப்பொடி.
ஏழாவதில் தீப்பொறி.
மெஷின் உதறியது. ஒரு பல் மதிலில் போய் அடித்தது.

அணைத்தேன். வயரைக் கழற்றினேன்.
தூளை ஒதுக்கினால்
மரத்துக்குள்ளே ஒரு கல்.
நாலு மூலையும் உளியால் கொத்தியது, தலையில் கூட்டல் குறி.
மரம் எப்போதோ விழுங்கிய எல்லைக்கல்.
கயிற்றிலிருந்து ஒரு சாண் உள்ளே,
தம்பியின் பக்கம்.

ராஜரெத்தினம் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.
பிறகு மெல்ல,
"இதையும் அரைச்சிரலாமா?"

அதுக்கு வேற மெஷின் என்றேன்.

அதற்குள் பேப்பர் மடிந்திருந்தது.
ஞானசிகாமணி டேப்போடு வந்து
கயிற்றைத் தாண்டாமல், கையை மட்டும் நீட்டி, அளந்தார்.
இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.
நான் பில் எழுதினேன்:
அரைக்குற்றி ஒன்று. டீசல் வேன் வாடகை.
பல் மூன்று, கல்லில் உடைந்தது.

"பல் யாருக்க கணக்கு?" என்று கேட்டேன்.

ஒன்பது வருடத்தில் முதல்தடவையாய்
அண்ணனும் தம்பியும் ஒரே குரலில் சொன்னார்கள்:
"எங்க கணக்கு இல்ல."

கோழி இறங்கவில்லை.